பள்ளிப் பையை அடுக்குவது யார் வேலை?

கேரளத்து மலைப்பகுதியான பீர்மேட்டில் பள்ளிக்கூடமும் மழையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தொடங்குகின்றன. ஜூன் முதல் தேதியையொட்டிக் கேரளப் பள்ளிகள் திறக்கும்போது தென்மேற்குப் பருவமழையும் மலையேறிவிடும். வண்டிப்பெரியார், ஏலப்பாறை, குட்டிக்கானம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து புறப்படும் பிள்ளைகளிடம் அன்றைக்குப் புதுக் குடை, புதுப் பை, அட்டை போட்ட நோட்டுகள் எல்லாம் இருக்கும். ஓணப் பரீட்சை வருவதற்குள் சிலரிடம் குடை இருக்காது, கணக்கு நோட்டு பாதியில் காணாமல் போயிருக்கும், ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருக்காது, எழுதிய வீட்டுப்பாடம் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடக்கும். இதற்கு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: பிள்ளைக்குப் பொறுப்பில்லை. அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால் மருந்தும் ஒன்றுதான்: திட்டு, புத்திமதி, சில வீடுகளில் அடி. ஆண்டு முழுக்க அந்த மருந்தைக் கொடுத்தும் அடுத்த ஜூனில் அதே கதை தொடர்கிறது என்றால், நோயைக் கணித்ததில்தான் கோளாறு இருக்க வேண்டும். பொருளைத் தொலைக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் இல்லாதவை மூன்று: பொருளை வைக்க ஓர் இடம், சரிபார்க்க ஒரு நேரம், எழுதி வைக்க ஒரு நோட்டு. இந்த மூன்றையும் முதலில் ஏற்படுத்தித் தரவேண்டியவர்கள் பெரியவர்கள். பிள்ளையின் பொறுப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பை அடுக்குவது சின்ன வேலை என்று நினைக்கிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் எத்தனை வேலை என்று தெரியும். நாளைக்கு என்ன கிழமை, எந்தெந்தப் பாடம், எதற்குப் புத்தகம், எதற்கு நோட்டு, எழுதச் சொன்னதை எழுதியாயிற்றா, கையெழுத்து வாங்கச் சொன்ன காகிதம் எங்கே, குடை உலர்ந்ததா என்று இத்தனையையும் மனத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். மனிதர் ஒரே சமயத்தில் மனத்தில் பிடித்து வைக்கக்கூடியவை ஏறக்குறைய ஏழு என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதை நான்கு வரை குறைத்தார். இது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. திட்டமிடுவதிலும் கவனத்தைக் கட்டுப்படுத்துவதிலும் பெரும்பங்கு வகிக்கும், மூளையின் முன்நெற்றிப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, அது வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வருவது வேறு. 'குடையை மறந்துடாதே' என்று காலையில் அம்மா சொன்னது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். எப்போது கேட்டாலும் திருப்பிச் சொல்லும். ஆனால் மணி அடித்து, மழை விட்டிருந்து, வாசலில் ஜீப் ஹாரன் அடிக்கும்போது குடை ஞாபகம் வரச்செய்ய அங்கே எதுவும் இல்லை. தெரிந்ததையே மறுபடி தெரிவிப்பதுதான் புத்திமதி. அதனால் அந்த நேரத்தில் உதவி கிடைப்பதில்லை.

நகரத்து நடுத்தர வீட்டுப் பிள்ளையும் இப்படித்தான் மறக்கிறது. ஆனால் அங்கே ஒரு மேசை, ஓர் அலமாரி, பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர், அந்தப் பெரியவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் வரும் பள்ளி அறிவிப்பு என்று பல ஏற்பாடுகள் சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. அவற்றின் பலனைப் பிள்ளையின் குணமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். பீர்மேட்டு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நிலைமை வேறு. ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை புழங்க, பையை வைத்த இடத்தில் இன்னொருவர் பாய் விரிக்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் உலராத துணியும் அதே அறையில்தான் தொங்கும். அம்மா காலையில் மஸ்டர் என்ற வருகைப் பதிவுக்குப் போய்விட்டால், கடைசிக் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பும்போது பிள்ளை பள்ளியிலிருந்து வந்து நேரமாகியிருக்கும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கச் சொன்னது. தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் பள்ளி வசதிக்கும் இடம் தந்தது. பள்ளி விட்டு வந்த பத்து வயதுப் பிள்ளையின் சாயங்காலம் யார் கணக்கிலும் வரவில்லை. பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்டதைப் போன்ற காலங்களில் பெற்றோர் வேலை தேடி வெளியே போக நேரும். அப்போது அந்தச் சாயங்காலம் இன்னும் வெறிச்சோடிவிடும்.

மொழியும் இதில் ஒரு பங்கு. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இங்கேயே இருந்தன. தமிழ்வழி வகுப்புகளும் இருக்கின்றன. ஆனால் அக்கம்பக்கத்துப் பள்ளியில் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்கு, டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியதைப் பிள்ளைதான் படித்துச் சொல்ல வேண்டும். சரிபார்க்க வேண்டியவர், யாரைச் சரிபார்க்க வேண்டுமோ அந்தப் பிள்ளையையே நம்பியிருக்கிறார். 'டீச்சர் ஒண்ணும் சொல்லலம்மா' என்று அது சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க வழியில்லை.

மனத்தின் பிடி இப்படிப்பட்ட நெருக்கடிக்கு ஏற்ப மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதே விவசாயி அறுவடைக்கு முன்பு, கையில் காசில்லாத நாட்களில், புதிர்களைத் தீர்ப்பதிலும் கவனத்தைக் கட்டுப்படுத்துவதிலும் பின்தங்கினார். கரும்புப் பணம் வந்தபின் மேம்பட்டார். ஆளும் மாறவில்லை, படிப்பும் மாறவில்லை. இந்த விளைவு எவ்வளவு வலுவானது என்பதில் ஆய்வாளர்களிடையே பின்னர் விவாதம் எழுந்தது உண்மை. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு என்பதும் உண்மை. ஆனாலும் கவனக் குறைவைக் கண்டதும் குணக் குறை என்று தீர்ப்பு எழுதும் நம் பழக்கத்தைக் கேள்வி கேட்க அது போதும்.

சரி, ஏற்பாட்டை மாற்றினால் பிள்ளை மாறுமா? அமெரிக்காவில் ஹோவர்ட் அபிகாஃப், ரிச்சர்ட் கேலகர் குழுவினர் கவனக்குறைவுக் கோளாறு உள்ள 158 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். ஒரு பிரிவுக்குப் பொருள்களை அடுக்குவதையும் வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்வதையும் நேரத்தைத் திட்டமிடுவதையும் நேரடியாகக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் பிள்ளைக்கு எந்தத் திறமையும் கற்றுத்தரவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் பார்த்து, நினைவூட்டி, சரியாகச் செய்தால் பாராட்டிப் பரிசு தரும்படி அவர்களைத்தான் பழக்கினார்கள். மூன்றாம் பிரிவு எந்தப் பயிற்சியும் இல்லாமல் காத்திருந்தது. 2013-இல் வெளிவந்த முடிவில், முதல் இரண்டு பிரிவுகளிலும் 60 சதவீதம் பிள்ளைகள் ஒழுங்கின்மைக்கான அளவுகோலைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 3 சதவீதம்தான். பிள்ளையைப் பழக்கினாலும் பெரியவர்களைப் பழக்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஜோஷுவா லாங்பெர்க் குழு 2012-இல் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 47 பேரிடம் செய்து பார்த்ததில், பள்ளியிலேயே இருபது இருபது நிமிடச் சந்திப்புகளில் பையையும் நோட்டையும் சரிபார்த்துப் பழக்கியபோது பெற்றோர் தெளிவான முன்னேற்றத்தைக் கண்டார்கள். ஆசிரியர்களின் மதிப்பீட்டில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக, இது மாயமந்திரம் இல்லை. ஆனால் திட்டுவதைவிடத் தெளிவாகப் பலன் தரும் வழி இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ளத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் வெளியே எங்கும் போக வேண்டாம். இன்றைக்கு எத்தனை கிலோ கிள்ளினாய் என்று எந்தத் தொழிலாளியையும் நினைவிலிருந்து சொல்லச் சொல்வதில்லை. குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் கொழுந்து எடை போடப்படுகிறது, அங்கேயே எழுதப்படுகிறது. வருகைக்கு மஸ்டர், கூலிக்கு செக்ரோல் என்ற பதிவேடு, எடைக்குத் தராசு. யாருடைய ஞாபகத்தையும் யோக்கியதையையும் நம்பி இந்த வேலை நடப்பதில்லை. இடத்தையும் நேரத்தையும் எழுத்தையும் நம்பி நடக்கிறது. நாற்பது வயதுப் பெண்ணிடம் கேட்காத ஞாபகத்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்பதில் நியாயமில்லை.

ஆகவே முதலில் இடம். லயத்து வீட்டில் அலமாரிக்கு வழியில்லை, ஆணிக்கு வழியுண்டு. கதவுக்கு உட்புறம், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு ஆணிகள் போதும். ஒன்றில் பை, ஒன்றில் குடை. பள்ளி விட்டு வந்ததும் பை அங்கேதான் தொங்க வேண்டும், வேறெங்கும் வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் புத்தகங்களைப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டால், ஈரமான நோட்டை அடுப்படியில் உலர வைத்து மறந்துபோவது குறையும். அடுத்தது நேரம். பை அடுக்க மிக மோசமான நேரம் காலைதான். சோறாக்கி, மஸ்டருக்கு ஓடும் அந்த அரை மணியில் யாராலும் எதையும் தேட முடியாது. இராச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அப்போதே அடுக்கிவிட வேண்டும். மூன்றாவது நோட்டு. எழுத வேண்டியது, கொண்டுபோக வேண்டியது, கையெழுத்து வாங்க வேண்டியது என்று நாளுக்கு மூன்று வரி எழுதும் ஒரு சின்ன நோட்டைப் பையோடு நூலால் கட்டிவிடலாம். மலையாளம் படிக்கத் தெரியாத பெற்றோரும் சரிபார்க்க ஒரு வழி உண்டு: ஒவ்வொரு பாடத்தின் புத்தகத்துக்கும் நோட்டுக்கும் ஒரே நிறக் காகிதத்தை ஒட்டிவிட்டு, சுவரில் ஒட்டிய கால அட்டவணையிலும் அதே நிறத்தைப் பூசிவிட்டால், நாளைக்குச் சிவப்பும் பச்சையும் பையில் இருக்கின்றனவா என்று எழுத்தே தெரியாத பாட்டியும் பார்த்துச் சொல்லலாம்.

கேட்கும் விதமும் மாற வேண்டும். 'எல்லாம் எடுத்து வச்சியாப்பா?' என்றால் எந்தப் பிள்ளையும் 'ம்' என்றுதான் சொல்லும். அது பொய்யும் இல்லை. எடுத்து வைத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும். 'அந்தச் சின்ன நோட்டைக் கொண்டா, ரெண்டு பேரும் பார்ப்போம்' என்றால் பேச்சு ஞாபகத்திலிருந்து பொருளுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவும் கூடாது. எது தொலைந்தால் அதிக நஷ்டமோ அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பழகிய பிறகு அடுத்ததற்குப் போவதுதான் நிற்கும். நன்றாகச் செய்த நாளில் 'சமத்து' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'இன்னைக்கு வந்ததும் குடையை ஆணியில மாட்டிட்டியே' என்று செய்த காரியத்தைச் சொல்வது மேல். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் பிள்ளைக்குத் தெளிவாகும்.

வீடு மட்டும் இதைச் செய்து முடிக்க முடியாது. கேரளத்தில் நான்காம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுக்கிறார். பிள்ளை எதையாவது மறந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் யு.பி. (மேல் தொடக்க) பிரிவுக்கு வந்ததும் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு கெடு. தோட்டத்துக்குள்ளிருந்த எல்.பி. (கீழ் தொடக்க) பள்ளியை விட்டு பஸ்ஸிலோ ஜீப்பிலோ ஏறிப் போகும் தூரமும் பலருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. அதுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று 'கெட்டுப்போவது' இந்தத் திருப்பத்தில்தான். பள்ளி செய்ய வேண்டியது எளிது. கடைசி மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே பாடத்தை நிறுத்தி, வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் ஒரே மூலையில் எழுதி, அதை எழுதிக்கொள்ளவும் பையையும் குடையையும் எடுத்துக்கொள்ளவும் விட வேண்டும். பையின் சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றும், இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்றும் மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. கேரளம் சுமையைக் குறைக்கப் புத்தகங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து அச்சிடுகிறது. நல்ல காரியம்தான், ஆனால் பகுதி கூடக்கூட, எது முடிந்தது, எது நடக்கிறது என்று நினைவில் வைப்பதும் கூடுகிறது. எந்த நாளுக்கு எது வேண்டும் என்று பள்ளி எழுதியே தந்தால்தான் அந்தச் சலுகை முழுமையாகும்.

இதற்கெல்லாம் எதிர்ப்பு வரும். முதல் எதிர்ப்பு: இப்படி எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால் பிள்ளை கடைசிவரை நம்மையே எதிர்பார்க்கும். இது நியாயமான பயம். ஆனால் மேலே சொன்ன எதிலும் பெரியவர் பையை அடுக்குவதில்லை. பிள்ளை அடுக்கும்போது பக்கத்தில் இருக்கிறார். 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ் மூவரும், மரக்கட்டைகளைப் பிரமிடாக அடுக்கும் வேலையில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவர் எப்படி உதவலாம் என்று ஆராய்ந்தார்கள். பிள்ளையால் முடியாத பகுதியைப் பெரியவர் தாங்கி, முடிகிற பகுதியை அதனிடமே விட வேண்டும். முடிவது கூடக்கூட உதவி குறைய வேண்டும். பைக்கும் இதே முறைதான். முதல் சில வாரம் இருவரும் சேர்ந்து, பிறகு பிள்ளை அடுக்கப் பெரியவர் பார்த்து, பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பார்த்து, கடைசியில் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று மாதம் ஆகியும் உதவியைக் கொஞ்சமும் குறைக்காதவருக்குத்தான் அந்தப் பயம் பொருந்தும்.

இரண்டாவது எதிர்ப்பு: ஒருமுறை நனைந்தால் குடையின் அருமை தெரியும், பட்டால்தான் புத்தி வரும். சில நேரம் அது சரி. ஆனால் பட்டுத் திருந்த வேண்டுமானால் செயலும் விளைவும் அடுத்தடுத்து வர வேண்டும். அடுத்த முறை என்ன செய்வது என்ற வழியும் கையில் இருக்க வேண்டும். குடையை வகுப்பில் விட்டதற்கும் மறுநாள் காலை நனைவதற்கும் நடுவில் ஓர் இரவு போய்விடுகிறது. நனைந்த பிள்ளைக்குக் குடையின் அருமை தெரியாமல் இல்லை. எடுக்க ஞாபகம் வருவதுதான் சிக்கல். அதோடு, கூலி வேலை செய்யும் வீட்டில் இன்னொரு குடை வாங்குவது பாடம் கற்பிக்கும் செலவாக முடியாது. 'அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவான்' என்பவர்களுக்கும் இதே பதில்தான். பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. வீட்டில் அடி வாங்கும் பிள்ளை தொலைப்பதை நிறுத்துவதற்கு முன்பு, தொலைந்ததைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. அப்புறம் தேடிக் கண்டுபிடிக்கிற வாய்ப்பும் போய்விடும்.

மூன்றாவது எதிர்ப்பு: நாங்களெல்லாம் இப்படியா வளர்ந்தோம்? ஒரு சிலேட்டும் இரண்டு புத்தகமும் கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கு நடந்துபோன தலைமுறைக்குத் தொலைக்கப் பொருளே அதிகம் இல்லை. அன்றும் ஒழுங்கில்லாத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பலர் பள்ளியை விட்டு நின்று கொழுந்தெடுக்கப் போனார்கள், அதனால் நம் நினைவில் மாணவர்களாக நிற்கவில்லை. நான்காவது எதிர்ப்புதான் கனமானது: நாள் முழுக்க மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்ணுக்கு இன்னொரு வேலையா? நேரக் கணக்கு மட்டும் பார்த்தால், காலையில் தேடுவதும் திட்டுவதும் அழுவதும் இரவின் ஐந்து நிமிடத்தைவிட அதிகம் தின்கின்றன. இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் அம்மாவின் கணக்கில்தான் விழ வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. அப்பா பார்க்கலாம், தாத்தா பார்க்கலாம். மூத்த பெண்பிள்ளையின் தலையில் நிரந்தரமாகக் கட்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் அடுக்க ஒரு பை இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் சில பிள்ளைகளுக்குப் போதாமல் போகலாம். பொருளை அடிக்கடி தொலைப்பதும் வேலைகளை ஒழுங்குபடுத்தத் திணறுவதும் கவனக்குறைவுக் கோளாற்றின் ஒன்பது அறிகுறிகளில் இரண்டு. இரண்டை வைத்து யாரும் முடிவு கட்டக்கூடாது. அந்த ஒன்பதில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல். காது மந்தமும் பார்வைக் குறையும்கூடக் கவனமின்மை போலவே தோன்றும். அவற்றை முதலில் சோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் உடல் நலத்தைச் சோதிக்கும்போது கற்றல் குறைபாடும் கவனக்குறைவும் பார்க்க வேண்டியவற்றுள் அடங்கும். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சமக்ர சிக்ஷாவின் வட்டார வள மையத்தில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளி வழியாக அவர்களைக் கேட்கலாம். அப்படி ஒரு கோளாறு இருப்பது உறுதியானாலும் ஆணியும் நோட்டும் இராத்திரி ஐந்து நிமிடமும் வீணாவதில்லை. மருத்துவத்தோடு அவையும் தேவைப்படும், இன்னும் நீண்ட காலத்துக்கு.

தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில்: அடுக்குவது பிள்ளையின் வேலை, அடுக்க முடிகிற நிலைமையை உண்டாக்குவது நம் வேலை. ஜூன் மாதத்தின் முதல் பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் கட்டடத்தையும் பஸ்ஸையும் பற்றிப் பேசும்போது, கடைசி ஐந்து நிமிடம், கரும்பலகையின் ஒரு மூலை, தமிழிலும் எழுதிய கால அட்டவணை என்ற மூன்றையும் கேட்டு வாங்கலாம். இவை எதற்கும் நிதி ஒதுக்கீடு வேண்டாம், மேலிடத்து உத்தரவும் வேண்டாம். பிள்ளையிடம் பொறுப்பை எதிர்பார்ப்பதில் தவறில்லை. அதைக் கேட்பதற்கு முன்பு, தன் பொறுப்பை நிறைவேற்றியிருப்பதாகப் பள்ளியும் வீடும் காட்ட வேண்டும்.